முளைத்தும் தூங்கும் நெல்

கொச்சியின் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கடை வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். வாசலில் கிண்ணம் கிண்ணமாக ஏலக்காய், ஜாதிக்காய், மராட்டி மொக்கு, கிராம்பு. படம் எடுத்துக்கொள்ள நல்ல வெளிச்சம். கொஞ்சம் நடந்தால் யூதத் தெரு. போதுமா? போதவே போதாது! வாங்க, பின்கட்டுக்குப் போவோம்.

இந்தத் தெருவின் பழைய பண்டகசாலைகளுக்கு இரண்டு முகம். ஒன்று தெருவைப் பார்த்தது, இன்னொன்று காயலைப் பார்த்தது. முன்பக்கம் வண்டிகள் நிற்க, பின்பக்கம் வள்ளங்கள் வந்து அணைந்த காலம் ஒன்று இருந்தது. நடுவில் இருட்டு. அந்த இருட்டுக்குக் கண் பழகியதும் தெரிகிறது, உத்தரம் முட்ட அடுக்கிய மூட்டைகள். மிளகுதான் இந்த ஊரின் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது என்பார்கள். இருக்கட்டும். ஊரின் வயிற்றை நிரப்பியது இந்த அரிசி மூட்டைகள். ஆந்திரத்து மூட்டை, நம் தமிழ்நாட்டு மூட்டை, பாலக்காட்டு மட்டை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மூலை.

அங்கே ஒரு குத்தூசி இருக்கும். நடுவில் குழிந்த, கூர்முனை இரும்பு. மூட்டையின் விலாவில் சரக்கென்று குத்தி, கொஞ்சம் சாய்த்தால் அந்தக் குழிவு வழியாக அரிசி ஓடிவந்து உள்ளங்கையில் விழும். கை அகலத்துக்கு ஒரு சின்னக் குவியல். அதை விரலால் பரத்தி, இரண்டு மணியைப் பல்லில் கடித்து, 'டக்' என்று உடைகிறதா, மெத்தென்று நசுங்குகிறதா என்று பார்த்துத்தான் விலை பேச்சே ஆரம்பிக்கும். குத்தின இடத்தைக் கூர்முனையாலேயே இரண்டு தடவை நீவிவிட்டால் சாக்கு தானாக மூடிக்கொள்கிறது! ஒரு மணிகூடக் கீழே சிந்தவில்லை. இதைப் பார்த்துக்கொண்டே நாள் முழுக்க நிற்கலாம்.

இப்போது கையில் இருக்கும் அந்த அரிசியை வைத்து ஒரு விஷயம் கேட்கிறேன். இந்தப் பண்டகசாலையில் அடுக்கியிருக்கும் அத்தனை மூட்டையிலும் முளைக்கக்கூடிய மணி எத்தனை?

ஒன்றுகூடக் கிடையாது!

புழுங்கல் என்றால் நெல்லாக வேகவைக்கும்போதே முளைக்கரு வெந்துபோகிறது. பச்சரிசி என்றால் உமி நீக்கித் தீட்டும்போது, மணியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அந்தக் குட்டி முளைக்கரு உடைந்து தவிட்டோடு போய்விடுகிறது. இரண்டிலும் மிச்சம் இருப்பது சோறு. இந்த வருஷத்துச் சோறு. அடுத்த வருஷத்துச் சோறு வேறு எங்கோ, வேறு யார் வீட்டிலோ, உமியோடு உயிரோடு இருக்கிறது. அதைத் தேடித்தான் இந்தக் கட்டுரை கிளம்புகிறது. எனக்கு இப்போதே கால் தரையில் நிற்கவில்லை!

கிளம்புமுன் மட்டாஞ்சேரியிலேயே ஒரு நிமிஷம். இந்த ஊர் ஐந்நூறு வருஷமாக விற்றதில் பெரும்பகுதி விதைதான். ஏலக்காய்க்குள் இருக்கும் கறுப்பு மணி விதை, ஜாதிக்காய் விதை, மிளகு விதையைச் சுமந்த கனி. ஆனால் விற்பனைக்கு வரும்போது எல்லாம் காய்ந்து, உயிர் அடங்கி வரும். 1663-ல் கொச்சியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்ததே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, அது பாண்டா தீவுகளின் ஜாதிக்காயை என்ன செய்தது தெரியுமா? சுண்ணாம்பில் முக்கி அனுப்பியது. வாங்கிய எவனும் அதை ஊன்றி ஒரு மரத்தை எழுப்பிவிடக் கூடாது என்று! ஒரே ஒரு முளை தங்கள் ஏகபோகத்தை உடைத்துவிடும் என்று அந்த வியாபாரிகளுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. விதைக்கு இதைவிடப் பெரிய மரியாதையை யாரும் செய்ததாக எனக்குத் தெரியவில்லை. பயந்து செய்த மரியாதைதான், ஆனாலும் மரியாதை.

அரிசிக் கதைக்கு வருவோம். கொச்சியும் திருவிதாங்கூரும் பர்மா அரிசியை நம்பி உலை வைத்த காலம் உண்டு. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்தக் கப்பல்கள் நின்றன. மரச்சீனிக் கிழங்கு பல வீடுகளின் சாப்பாடானது, ரேஷன் வந்தது, பட்டினிச் சாவுகளும் வந்தன. கப்பல் வந்தால்தான் சோறு என்று இருந்த கரைக்கு அது நடந்தது. இன்றைக்கும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. 1970-களின் நடுவில் கேரளத்தில் நெல் விளைந்த நிலம் கிட்டத்தட்ட 8.8 லட்சம் ஹெக்டேர். இப்போது 2 லட்சத்தை ஒட்டி நிற்கிறது. சாப்பிடும் அரிசியில் பெரும்பங்கு எல்லை தாண்டி வருகிறது. அதனால்தான் பஜார் ரோட்டின் அந்த இருட்டு இன்னும் நிறைந்திருக்கிறது.

சரி, ஏறுங்கள் வண்டியில். தெற்கே பள்ளுருத்தி, அங்கிருந்து பெரும்படப்பு, ஒரு பாலம். பாலம் இறங்கினால் கும்பளங்கி! சினிமா பார்த்தவர்களுக்கு இந்தத் தீவு தெரியும். சீன வலைகள், சாய்ந்த தென்னைகள், சாலைக்கு இரண்டு பக்கமும் தண்ணீர். அந்தத் தண்ணீரைத்தான் எல்லோரும் மீன் பண்ணை என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள். நில்லுங்கள். அது வயல். கடல் தண்ணீர் ஏறி இறங்கும் நெல் வயல். அதில் விளைகிற நெல்லின் பெயர் பொக்காளி.

உப்பில் நெல்லா என்று புருவம் உயர்த்துகிறவர்களுக்கு ஒரு கணக்கு. மண்ணின் உப்பை அளக்க டெசிசீமன்ஸ் என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். சாதாரண நெல்லுக்கு மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸ் தாண்டினாலே விளைச்சல் சரிய ஆரம்பிக்கும். பொக்காளி 6, 8 என்று இருக்கும் மண்ணிலும் நின்று கதிர் தள்ளும். அதோடு, மண் புளிப்பு மண், அமிலம் மிகுந்தது. மழைக்காலத்தில் வெள்ளம் வேறு. உப்பு, புளிப்பு, வெள்ளம் மூன்றையும் ஒரே பருவத்தில் தாங்குகிற பயிர். ஆள் உயரத்துக்கு வளர்ந்து, முற்றியதும் தாள் சாய்ந்து, கதிரை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கிற அழகு இருக்கிறதே!

இந்த வயலுக்கு ஒரு காலக் கணக்கு உண்டு, நம் பஞ்சாங்கத்தோடு ஒட்டியே போகிறது. நவம்பர் 15 முதல் ஏப்ரல் 14 வரை வயல் இறாலுக்கு. மதகை இங்கே தூம்பு என்பார்கள். ஏற்றத்தின் போது தூம்பைத் திறந்தால் காயல் நீரோடு இறால் குஞ்சுகள் உள்ளே வரும். இறக்கத்தில் வலை கட்டினால் வளர்ந்தவை சிக்கும். நாரன், சூடன் என்று வகை வகையாக. சித்திரை பிறக்கும்போது, அதாவது மலையாளத்து விஷுவுக்கு முன், இறாலின் முறை முடிகிறது. தண்ணீரை வடித்து, வரம்புகளைச் சேறு பூசிப் பலப்படுத்தி, வயலை வெயிலுக்குக் காட்ட வேண்டும். பெட்டியும் பறையும் என்கிற மரப் பம்பு சில இடங்களில் இன்னும் ஓடுகிறது. பெயர் தாளவாத்தியம் மாதிரி இருந்தாலும், அது தண்ணீரை வாரி வெளியே தள்ளும்போது எழும் சத்தத்துக்கு எந்தச் செண்டையும் ஈடாகாது.

வயல் காய்ந்ததும் மண்ணை வெட்டிக் கூனை கூனையாகக் குவிப்பார்கள். அடியில் ஒரு மீட்டர் அகலம், அரை மீட்டர் உயரம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வரிசை வரிசையாக மண் மேடுகள். ஏன் இத்தனை பாடு? ஜூனில் மழை பிடித்ததும் மேட்டிலிருந்த உப்பு கரைந்து பள்ளத்துக்கு இறங்கும். பள்ளத்துத் தண்ணீர் இறக்கத்தின் போது தூம்பு வழியாகக் காயலுக்குப் போய்விடும். கூனையின் தலை மட்டும் உப்புக் கழுவிச் சுத்தமாக நிற்கும். அந்தத் தலையில்தான் விதை இறங்கப் போகிறது.

இங்கேதான், இங்கேதான் நான் உங்களைக் கூட்டிவந்ததற்கான காரணம் இருக்கிறது! மழை எந்த நாளில் வரும் என்று யாருக்குத் தெரியும்? ஜூன் முதல் நாளா, பத்தாம் நாளா? மழை வந்து உப்பு இறங்கியதும் முளை கட்டிய விதை கையில் தயாராக இருந்தாக வேண்டும். தாமதித்தால் வெள்ளம் முந்திக்கொள்ளும். முன்கூட்டி ஊறவைத்தால் முளை நீண்டு வீணாகிவிடும். நம் காவிரிப் படுகையில் ஓர் இரவு ஊறவைத்து, ஒரு நாள் மூட்டம் போட்டு, முளை கண்டதும் நாற்றங்காலுக்குக் கொண்டு ஓடுவோம். ஓடியே ஆக வேண்டும், முளை காத்திராது.

பொக்காளிக்காரர்களின் முளை காத்திருக்கிறது.

கிட்டத்தில் வாருங்கள், கூடையைப் பாருங்கள். பச்சைத் தென்னோலையில் முடைந்தது. உள்ளே சுற்றிலும் வாழையிலையோ தேக்கிலையோ மெத்தென்று பரப்பியிருக்கிறது, ஒரு நெல்கூட ஓலையைத் தொடாதபடி. அதற்குள் விதை நெல்லைக் கொட்டி, தட்டித் தட்டி, காற்றுப் புக இடமில்லாமல் இறுக்கி நிரப்பி, மேலேயும் இலை மூடி, கயிற்றால் வரிந்து கட்டிவிடுவார்கள். பிறகு நல்ல தண்ணீர்க் குளத்தில் முக்குவார்கள். 12 முதல் 15 மணி நேரம். வெளியே எடுத்து, நீர் வடியவிட்டு, நிழலான இருட்டு மூலையில் வைத்துவிடுவார்கள். உள்ளே நெல் விழித்துக்கொள்கிறது. உமியைப் பிளந்து, வெள்ளை வெளேரென்று ஊசி முனையளவு வேர் எட்டிப்பார்க்கிறது. அவ்வளவுதான். அங்கேயே நின்றுவிடுகிறது! மேலே வளர இடமில்லை, காற்றில்லை, வெளிச்சமில்லை. முளைத்த பிறகும் தூங்குகிறது. ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, 30 நாள் வரைக்கும்!

கூடையை அசைக்கக் கூடாது என்பது சட்டம். அவிழ்த்துப் பார்க்கிற ஆசையில் கை நீட்டினால் வீட்டுச் சேச்சிமார் விடமாட்டார்கள், அது நியாயம்தான். கலைந்தால் தூக்கம் கலைந்துவிடும். மழை வந்து, கூனையின் தலைமண்ணைச் சீவிச் சமப்படுத்தி, உப்புப் போய்விட்டது என்று உறுதியான பிறகு, கூடையை இன்னொரு முறை 3 முதல் 6 மணி நேரம் தண்ணீரில் முக்குவார்கள். அந்த முக்கலில் விதைக்குச் சேதி போய்விடுகிறது. அவிழ்த்துத் தூவினால், ஒரு மாதம் சும்மா இருந்ததற்கும் சேர்த்து வைத்தாற்போல, சடசடவென்று எழும்புகிறது.

ஆய்வகம் இல்லை, குளிர்பதனப் பெட்டி இல்லை. ஓலை, இலை, கயிறு, குளம். இவற்றை வைத்துக்கொண்டு பருவமழையின் நிச்சயமின்மையைச் சமாளித்துவிட்டார்கள்! யார் முதலில் கண்டுபிடித்தார்? பெயர் தெரியாத யாரோ ஒரு பாட்டி, மழை தவறிய ஏதோ ஒரு வருஷத்தில் கட்டிவைத்த கூடையை மறந்துபோய்ப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும் என்று நான் கற்பனை செய்துகொள்கிறேன். கேரள வேளாண் பல்கலைக்கழகம் விவசாயிகளுக்குத் தரும் சாகுபடிக் கையேட்டில் இந்த முறை அப்படியே இடம்பெற்றிருக்கிறது. ஓலைக் கூடை உட்பட!

அதற்குப் பிறகு வேலை சரசரவென்று நடக்கும். நாற்று 40, 45 சென்டிமீட்டர் உயர்ந்ததும், விதைத்து ஒரு மாதம் ஆகியிருக்கும், கூனையை மண்வெட்டியால் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு மண்கட்டியிலும் சில நாற்று இருக்கும்படி வயல் முழுக்கப் பரப்பிவிடுவார்கள். நாற்றங்காலும் அதுவே, நடவும் அதுவே. உரம் கிடையாது, பூச்சிமருந்து கிடையாது. மருந்து தெளித்தால் பின்னால் வருகிற இறால் செத்துப்போகும். இறாலின் கழிவும், அலை கொண்டுவரும் வண்டலும் நெல்லுக்கு உரம். அக்டோபர் கடைசியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பெரும்பாலும் பெண்கள், கதிரை மட்டும் அறுத்துச் சின்ன வள்ளங்களில் போடுவார்கள். மிச்சத் தாள் தண்ணீரிலேயே அழுகி இறாலுக்குத் தீனியாகும். மறுபடி நவம்பர், மறுபடி தூம்பு திறக்கும்.

அறுத்த கதிரிலிருந்து அடுத்த வருஷத்துக்கான நெல்லைத் தனியே எடுத்துவைக்கும் வேலை இருக்கிறதே, அது கண்ணுக்குத் தெரியாத வேலை. அக்டோபர் கடைசியில் அறுத்த நெல் ஜூன் வரை, ஏழு மாதம், காயல் ஓரத்து ஈரக் காற்றில் உயிரோடு இருக்க வேண்டும். விதை விஞ்ஞானத்தில் ஒரு எளிய விதி உண்டு: விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிக்கும், வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிக்கும். இந்திய விதைச் சான்று விதிகள் நெல்லுக்கு 13 சதவீதத்துக்கு மேல் ஈரம் கூடாது என்கின்றன, நூறில் 80 முளைத்தாக வேண்டும் என்கின்றன. கொச்சியின் காற்றில் 13 சதவீதம் என்பது சும்மா வராது. நல்ல வெயில் கிடைக்கும் நாளில் எல்லாம் நெல்லை விரித்து, மாலைக்குள் அள்ளி, மறுபடி விரித்து, பல்லில் கடித்துப் பார்த்து... ஆமாம், பஜார் ரோட்டு வியாபாரி கடிப்பது போலவேதான். அவர் விலைக்காகக் கடிக்கிறார், இவர் உயிருக்காகக் கடிக்கிறார்.

இனி வைற்றிலா! கொச்சி நகரத்தின் மிக நெரிசலான சந்திப்புகளில் ஒன்று. பேருந்து, மெட்ரோ, படகு எல்லாம் வந்து சேரும் இடம். அங்கேயே ஒரு நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது என்று எத்தனை பயணிகளுக்குத் தெரியும்? பொக்காளிக்கென்றே நடக்கிற நிலையம், கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ். இங்கிருந்து வந்த ரகங்களின் பிறப்புக் கதைகளைக் கேட்டால் நாவல் படிப்பது போல இருக்கும். வைற்றிலா 1, சூட்டுப் பொக்காளி என்ற ஊர் ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்தது. வைற்றிலா 2, செறுவிரிப்பு என்ற இன்னொரு ஊர் ரகத்திலிருந்து. வைற்றிலா 3-க்கு ஒரு பக்கத்து உறவு வைற்றிலா 1 என்றால், இன்னொரு பக்கத்து உறவு தைவானிலிருந்து வந்த தைச்சுங் நேட்டிவ் 1! பசுமைப் புரட்சியின் தொடக்கத்தில் இந்தியா முழுக்கப் பேசப்பட்ட அந்தக் குட்டை நெல்லேதான். கடலோரத்து நெட்டை நெல்லும் தைவானின் குட்டை நெல்லும் கொச்சியில் கல்யாணம் செய்துகொண்டன என்று நினைத்தாலே சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது.

ஆனால் பொக்காளி செய்த தூரப் பயணம் இதைவிடப் பெரியது. பிலிப்பைன்ஸின் லாஸ் பான்யோஸில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, 1960-ல் தொடங்கியது. அங்கே பொக்காளியை, உப்பைக் கொஞ்சமும் தாங்காத ஐஆர் 29 என்ற ரகத்தோடு சேர்த்தார்கள். பிறந்த பிள்ளைகளில் எது உப்பைத் தாங்குகிறது, எது துவண்டுபோகிறது என்று பிரித்து, மரபணு வரைபடத்தில் தேடியபோது, நெல்லின் ஒன்றாம் குரோமோசோமில் ஒரு துண்டு அகப்பட்டது. அதற்குச் சால்ட்டால் என்று பெயர் வைத்தார்கள். வேரிலிருந்து மேலேறும் சாற்றில் கலந்திருக்கும் சோடியத்தை வழியிலேயே பிடித்து நிறுத்தி, இலைக்குப் போகவிடாமல் செய்யும் மரபணு அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. இலை பிழைத்தால் பயிர் பிழைக்கும். அந்தப் பிள்ளைகளில் ஒன்றான எஃப்எல் 478, உப்புத் தாங்கும் நெல்லை உருவாக்க நினைக்கும் ஆய்வாளர்கள் உலகம் முழுக்கக் கையில் எடுக்கும் பெற்றோர் ரகம் ஆகிவிட்டது. வங்கதேசம், வியட்நாம் என்று கடல் ஏறிவரும் கழிமுகங்களின் ரகங்களுக்குள் சால்ட்டாலை ஏற்றியிருக்கிறார்கள். நம் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்திலும் மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னிக்குள் அதைக் கொண்டுவரும் வேலை நடந்திருக்கிறது. பொன்னி! நம் வீட்டுப் பொன்னிக்குள் காயலோரத்துப் பொக்காளியின் ஒரு துண்டு!

கும்பளங்கியில் யாரோ ஒருவர் கூடையில் இறுக்கிக் கட்டிய விதையின் ரத்த உறவு, மெக்காங் கரையில் நிற்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த ஓலைக் கூடையை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

தமிழ்நாட்டுக்கும் இந்த விதைக்கும் இன்னொரு நேரடிப் பழக்கம் உண்டு. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்து நாகப்பட்டினம் வயல்களில் கடல் உப்பைக் கொட்டிவிட்டுப் போனது. அதன்பின் கொச்சியை ஒட்டிய வைப்பின் தீவுப் பொக்காளி விவசாயிகள் கொடுத்த விதை வேதாரண்யத்துக்கு வந்து முளைத்தது. நமக்கும் சொந்தமாக உப்புத் தாங்கும் நெல் இல்லாமல் இல்லை. களர்பாலை, குழியடிச்சான் என்று டெல்டாவின் கடைமடைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்தவை. இருந்தாலும், ஆபத்துக் காலத்தில் அரிசி மூட்டை அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். விதை அனுப்புகிறவர் அபூர்வம். அரிசி அந்த மாதத்துப் பசியை ஆற்றும். விதை கொடுத்தவர், நீ இதே மண்ணில் மறுபடி நிற்பாய் என்று நம்பிக் கொடுக்கிறார்.

அதே 2004, ஐ.நா. சபை அறிவித்த சர்வதேச நெல் ஆண்டு. 'நமது நெல்லைக் காப்போம்' இயக்கம் அந்த வருஷம் தொடங்கிய இடம் எது தெரியுமா? இதே கும்பளங்கி! அந்த இயக்கத்தைத் தமிழ்நாட்டில் தோளில் சுமந்தவர் நெல் ஜெயராமன். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்து ஆதிரெங்கத்தில் 2006-ல் நெல் திருவிழாவைத் தொடங்கினார். இரண்டு கிலோ விதை வாங்கிப் போகிறவர் அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அதுதான் கணக்கு. பணம் இல்லை, பத்திரம் இல்லை. மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் இன்று நகரத்துக் கடைகளில் பெயர் சொல்லிக் கேட்கப்படுகின்றன என்றால், அதில் அந்த நான்கு கிலோக்களுக்குப் பெரும் பங்குண்டு. 2018 டிசம்பரில் அவர் மறைந்தார். விதை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

விதையைக் குளிரில் வைத்துக் காப்பாற்றிவிட்டால் போதாதா என்று ஒரு கேள்வி வரும். அந்த ஏற்பாடுகளும் பிரமிக்கத்தக்கவைதான். லாஸ் பான்யோஸ் விதை வங்கியில் 1.3 லட்சத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகள் இருக்கின்றன, உறைநிலைக்கு 20 டிகிரி கீழே. டெல்லியில் நம் தேசிய மரபணு வங்கி இருக்கிறது. நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008-ல் திறந்த பனிக்கிடங்கு இருக்கிறது. எல்லாம் வேண்டும், ஒன்றுகூடக் குறையக் கூடாது. ஆனால் உறைந்த விதை, உறைய வைத்த அன்றைய விதை. கடல் ஏறுகிறது, மழை இடம் மாறுகிறது. வருஷா வருஷம் உப்பில் இறங்கி, வெள்ளத்தில் நின்று, தப்பிய கதிரிலிருந்து எடுத்த விதைதான் இன்றைய காயலை அறிந்த விதை. கூடை கட்டத் தெரிந்த கையையும், எந்த இறக்கத்தில் தூம்பைத் திறக்க வேண்டும் என்று தெரிந்த கண்ணையும் எந்தக் குளிர்ப்பெட்டியிலும் வைக்க முடியாது.

இப்போது மனசைப் பிசைகிற பகுதி. ஒரு காலத்தில் எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் மாவட்டங்களில் 25,000 ஹெக்டேர் வரை பொக்காளி நிலம் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. இன்று நெல் ஏறுவது அதில் ஒரு சின்னத் துண்டில் மட்டும். இறாலில் பணம் சீக்கிரம் வருகிறது, நெல்லில் வருவதில்லை. இடுப்புத் தண்ணீரில் அறுக்க ஆள் கிடைப்பதில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் அந்த ஏப்ரல் 14. ஒரு நெல், ஒரு மீன் என்பதே அரசின் கொள்கை. ஆனால் இறால் குத்தகையை முடிக்காமல், உப்புத் தண்ணீரை வடிக்காமல் சிலர் இழுத்தடிக்கிறார்கள். பாதிக்கப்படுவது அவர்கள் வயல் மட்டுமா? வரம்புக்கு இந்தப் பக்கம் நெல் போட நினைப்பவரின் மண்ணும் காயாது. அவர் வீட்டில் விதை இருக்கும், கூடை இருக்கும், கூனை வெட்ட நிலம் இருக்காது. ஒரு வருஷம் விதைக்காமல் போனால் பரவாயில்லை என்று நாம் நினைக்கலாம். ஈரக் காற்றில் இரண்டாம் வருஷம் அந்த விதையில் எத்தனை முளைக்கும்? ஓர் ஊரின் விதை தீர்ந்துபோக இரண்டு தவறிய பருவம் போதும். மழைக்கு முன் தண்ணீரை வடித்துக் கொடுக்கும் பொறுப்பை, நாள் குறித்து, கண்டிப்பாக, ஒவ்வொரு பாடசேகரத்திலும், அதாவது சேர்ந்து சாகுபடி செய்யும் வயல் தொகுதியிலும், நிறைவேற்றினால் பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் உறுதியான எண்ணம்.

சட்டம் ஒரு விஷயத்தில் விவசாயி பக்கம் தெளிவாக நிற்கிறது. 2001-ன் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டப்படி, தன் நிலத்தில் விளைந்த விதையை விவசாயி சேமிக்கலாம், மறுபடி விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம். பதிவு பெற்ற ரகத்தை வணிக முத்திரை போட்டு விற்கக் கூடாது, அவ்வளவுதான். உலகில் பல நாடுகளின் விவசாயிகளுக்கு இவ்வளவு பரந்த உரிமை இல்லை. கேரளத்தில் நெல் நிலத்தையும் ஈரநிலத்தையும் காக்க 2008-ல் தனிச் சட்டம் வந்தது. பொக்காளி அரிசிக்குப் புவிசார் குறியீடும் உண்டு. உரிமை கையில் இருக்கிறது, உப்பு வடிய வேண்டும்.

சரி, பார்க்க ஆசை வந்துவிட்டதா? எனக்குத் தெரிந்து சரியான நேரம் ஜூன் மாதத்து முதல் பெருமழை ஓய்ந்த மறுவாரம். கும்பளங்கி, செல்லானம், கடமக்குடி, ஏழிக்கரை, எந்தப் பக்கம் போனாலும் சரி, கூனைகள் மேல் வெளிர்ப்பச்சைத் தூவல் தெரிகிறதா என்று பாருங்கள். ரப்பர் செருப்பு வேண்டாம், சேறு பிடுங்கிக்கொள்ளும், வெறுங்காலோடு இறங்குங்கள். அறுவடை பார்க்க வேண்டுமென்றால் அக்டோபர் கடைசி. தண்ணீரில் நின்று ஒரு கதிரையாவது அறுத்துப் பாருங்கள், மறுநாள் இடுப்பு அதன் விலையைச் சொல்லும். அரிசி கிடைத்தால் வாங்கிக் கஞ்சி வையுங்கள், தேங்காய்த் துவையலும் சுட்ட கருவாடும் தொட்டுக்கொள்ள. மீனவர்களும் வயல்காரர்களும் கடும் வேலைக்கு முன் இந்தக் கஞ்சியைத்தான் நம்பினார்கள், ஒரு கிண்ணம் குடித்தால் மதியம் வரை பசிக்காது.

கடலோரத்தில் உங்களுக்கு உப்பேறிய நிலம் இருந்து, அரிசியாக இல்லாமல் விதையாகவே கேட்டால், மூன்று விஷயம் விசாரிப்பார்கள்: நிலத்தில் உப்பு எவ்வளவு, தண்ணீர் எந்தப் பக்கம் வடியும், மழை எப்போது பிடிக்கும். பதிலைத் தெரிந்துகொண்டு போங்கள். ஏப்ரலுக்கு முன்பே போங்கள், மேயில் எல்லோரும் கூடை கட்டப் போய்விடுவார்கள்!